பாதி காலியான பெட்டியில் இடமில்லையாம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். அங்கே உன் நலமும் உன் மனைவி நலமும் அறிய ஆவல்தான், ஆனால் அதைத் தனிக் கடிதமாக எழுதவும். ஒரே தாளில் இரண்டு விஷயத்தைக் கலப்பது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னதற்கு என்ன அத்தாட்சி? எழுதி முடித்ததும் உன் அக்கா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு நீ அன்பளிப்பு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சோப்புப் பெட்டி அளவுக் கணினி, ஆறு நாளாக என் உயிரை வாங்குகிறது. அதற்கு நாம் கொடுத்த வேலை இரண்டே இரண்டு. உன் அக்கா எழுதும் சிலந்திப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பது ஒன்று. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைப்பது இன்னொன்று. போன புதன்கிழமை உன் அக்கா மடிக்கணினியில் கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டுப் பெட்டியில் சேமிக்கப் போனால், ‘சாதனத்தில் இடமில்லை’ என்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. முப்பத்து நான்கு வருடம் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் நான். அலமாரியைக் காலியாக வைத்துக்கொண்டு இடமில்லை என்று சொல்லும் உதவியாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அலமாரியே அப்படிச் சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன்.

மடிக்கணினியிலேயே சேமித்துக்கொள்ளட்டுமா என்று உன் அக்கா கேட்டாள். மூலம் ஓரிடத்தில், நகல் வேறிடத்தில் என்றானால் எது செல்லும் என்று பத்து வருடம் வழக்கு நடக்கும், எனவே தடுத்துவிட்டேன். பதிப்பாளரோ வரும் வெள்ளிக்கிழமைக்குள் கடைசி அத்தியாயம் கைக்கு வராவிட்டால் புத்தகம் அடுத்த வருடம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மடிக்கணினியின் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. யாராவது பிளக்கைப் பிடுங்கினால் திரையில் நிற்கும் அத்தியாயம் அப்படியே போய்விடும். அதனால் சுவிட்சின் மேல் ‘தொடாதே’ என்று எழுதி, தேதி போட்டு, கையொப்பமும் இட்டு ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். சாப்பாடும் அங்கேதான்.

இடமில்லை என்றால் இடம் பண்ண வேண்டியதுதானே என்று, பெட்டியில் இருந்ததிலேயே பெரிய கோப்பாகப் பார்த்து அழித்தேன். அது உன் கல்யாண வீடியோ. இரண்டரை மணி நேரம் ஓடக்கூடியது. உன்னைக் கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை. அடுத்த நிமிடமே மறுபடி இடமில்லை என்றது. ஆத்திரத்தில் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகினேன். உடனே பாட்டை மாற்றி, ‘படிக்க மட்டும், எழுத அனுமதியில்லை’ என்றது. யாருடைய அனுமதி? இந்த வீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறது பார். செல்போன் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே மெமரி கார்டு அவுட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, பின்மேசையில் பழுது பார்க்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். பெட்டியைத் திரையில் மாட்டினாள், வயரைப் பிடுங்கியதால் வந்த கோளாறு என்று அந்த அனுமதிச் சங்கதியைச் சரி பண்ணினாள், ஏதோ எண்ணிப் பார்த்தாள், பிறகு என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“இடம் நிறைய இருக்கு சார். ஆனா ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள ஒரு பதிவேட்டுல ஒரு வரி வேணும். அந்த வரியெல்லாம் தீந்துபோச்சு. எட்டு லட்சம் கோப்பு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ‘முக்கால் தொட்டி’ன்னு ரெண்டே வார்த்தை. யாரு சார் இப்படிப் பண்ணது?”

என் மைத்துனன் என்றேன். பொய்யில்லை, அப்படி அமைத்துக் கொடுத்தது நீதானே. ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு, ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனிக் கோப்பு வேண்டும் என்று கேட்டது நான்தான். ஒரே கோப்பில் கீழே கீழே எழுதிக்கொண்டு போகலாம் அத்தான் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஆனால் அத்தான் சொன்னால் உடனே கேட்டுவிடுவதா? இதற்கென்றே படித்தவன் நீ, நாலு வார்த்தை சண்டை போட்டிருக்க வேண்டாமா? உன் மரியாதை இன்று உன் அக்காவின் புத்தகத்தில் வந்து விடிந்திருக்கிறது.

தொட்டிக் கோப்புகளை மொத்தமாக அழித்துத் தருகிறேன் என்றாள் அந்த அம்மா. மூன்று வருடம் ஆகாத பதிவை அழிக்க விதியில்லை என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விதியாவது ஒன்றாவது என்று நானே ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தேன். ‘பட்டியல் மிக நீளம்’ என்று கையை விரித்துவிட்டது. நேற்றுக் காலை முதல் ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, நோட்டில் நகல் எழுதிக்கொண்டு அழிக்கிறேன். ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தில் தொட்டி இன்னொன்றை எழுதிவிடுகிறது. தொட்டியை நிறுத்துங்களேன் என்கிறாள் உன் அக்கா. பதிவில் நடுவே ஓட்டை விழுந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு வருடமாக அவள் சுவர் மூலைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியது. என்னால் நின்றுபோனால் அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள், அதுதான் தாங்காது. ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து சேர். வீடியோ விஷயத்தை உன் மனைவியிடம் பக்குவமாகச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், போதிய இடத்தோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்திருக்கும் அத்தான்

பி.கு.: தம்பி, இது நான், அக்கா. படமெடுக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. அத்தியாயத்தைப் புதன்கிழமையே என் மடிக்கணினியில் சேமித்துப் பதிப்பாளருக்கும் அனுப்பிவிட்டேன், வந்தது என்று பதிலும் போட்டுவிட்டார். உன் கல்யாண வீடியோ என்னிடம் இன்னொன்று இருக்கிறது. முந்தைய பதினோரு அத்தியாயத்திலும் உன் அத்தான் பெட்டி வழியாகப் புகுந்து திருத்தி, என் சிலந்திகளையெல்லாம் ‘மேற்படி சிலந்தி’ ஆக்கி வைத்திருந்தார். அத்தனையையும் இந்த ஆறு நாளில் பழையபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நான்கு பாக்கி. அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார், தொட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை வரை நீ வராதே.