மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பந்தயக் கேம்

ரெம்பியா,
12.6.1994

அன்புள்ள மச்சான் ரங்கசாமி அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை இருசம்மாளும் நலம். உங்கள் உடைந்த காலின் மாவுக்கட்டு அவிழ்ந்து நீங்கள் நடமாட, கும்பிடாத சாமியில்லை. நடக்க ஆரம்பித்ததும் முதலில் இங்கே வாருங்கள். உங்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் மகள் பவானேஸ்வரியின் கல்யாணம் முருகன் அருளால் முடிந்தது. மாப்பிள்ளையின் தாயார் குஞ்சம்மா, அழைப்புக்கு வெள்ளை வாடகைக் கார்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். என் பழைய அமெரிக்கக் கார்தான் வரும் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது வழியில் மானத்தை வாங்கினால் பிள்ளை ஆயுசுக்கும் மாமியாரிடம் பேச்சுக் கேட்க வேண்டும். அதனால்தான் அந்த எட்டு சிலிண்டர் பெரிய எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டினோம். டுரியான் துங்கால் மெக்கானிக் ஹரிதாஸ், வால்வுகளை அளவாகத் திறக்கும் சின்னக் கேம் தண்டு (கேம்ஷாஃப்ட்) ஒன்றைத் தேடி வைத்திருந்தான். நீங்களோ கிள்ளானிலிருந்து பஸ்ஸில் பந்தயக் காருக்கான கேமைப் போட்டு விட்டீர்கள். "அங்கிள், கேம், கார்புரேட்டர், கியர் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவணும் லா. இது வேகமா போவும், மெதுவா போவச் சொன்னா கேக்காது" என்றான் ஹரிதாஸ். பெண்ணுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த நான் எஞ்சினுக்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. மச்சான் அனுப்பியது என்று போடச் சொன்னேன்.

மலாக்காவில் கோயில் வாசலில் மாப்பிள்ளை கணேஸ்வரனை ஏற்றிக் காரைக் கிளப்பினேன். நின்ற இடத்திலேயே குலுங்கியது. முன்னால் நின்ற தவில்காரர் முனியாண்டி திரும்பிப் பார்த்து, "அண்ணே, உங்க காரே தவில் அடிக்குது, நான் வீட்டுக்குப் போவவா?" என்றார். கியர் போட்டால் மேளக்காரர்கள் மேல் பாய்கிறது, பிரேக்கை அழுத்தினால் அணைந்துபோகிறது, மறுபடி கிளப்பினால் மறுபடி பாய்கிறது, நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஓடுகிறார், பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வாழைப்பழத்தைக் கொட்டுகிறார்கள், கடைசியில் நடுரோட்டில் சூடேறி நின்றே விட்டது மச்சான். சம்பந்தியம்மா காரைச் சுற்றி வந்து பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"என்ன வேடிக்க? தள்ளுங்கடா" என்று தானே முதல் கையை வைத்தார்.

மாப்பிள்ளையும் இறங்கப் பார்த்தார். சம்பந்தியம்மா விடவில்லை. "நீ ஒக்காருடா. நீயும் எறங்கிட்டா அப்புறம் யாருக்கு அழைப்பு, காருக்கா?"

இரண்டு வீட்டாரும் சேர்ந்து தள்ளினோம். ஊர்வலம் அதன்பிறகு மேளத்துக்குத் தகுந்த நடையில், குலுங்காமல் போனது. மண்டப வாசலில் சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "இவ்ளோ பதவிசா போன கார நான் பாத்ததில்ல சம்பந்தி" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆகவே உங்கள் கேமைக் கழற்றித் திருப்பி அனுப்பப் போகிறேன். ஹரிதாஸின் சின்னக் கேமே போதும். இனி எஞ்சின் விஷயத்தில் உங்கள் யோசனை எனக்கு வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். அத்தையிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
நாகமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சம்பந்தியம்மா விருந்துக்கு வந்துவிட்டார். அந்தக் கார் ஓடுவதைத்தான் பார்க்கலாமே என்றார். டுரியான் துங்கால் ரோட்டில் ஒரு மிதி மிதித்தேன். கொண்டை அவிழ்ந்து, வீடு வரும்வரை சிரித்தார். தன் இளைய மகன் கல்யாணத்துக்கும் இதே கார்தானாம், தள்ள ஆள் இருக்கிறதாம், கேமில் கை வைத்தால் சம்பந்தம் முறியுமாம். அதனால் கேமை அனுப்பவில்லை. அதற்குப் பொருத்தமான பெரிய கார்புரேட்டர் கிள்ளானில் கிடைத்தால் உடனே பஸ்ஸில் போட்டு விடவும்.