யார் உள்ளான்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் மனைவி இராசமலருக்கு வீடு கழுவ வேண்டும். எனக்கு வீட்டிலிருந்து நழுவ வேண்டும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனியில், பூமிசாஸ்திர ஆசிரியனாகிய நான் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன்: பறவை ஆராய்ச்சி!

"வெளிநாட்டுக் குருவியள் திரும்பிப் போற காலம். போய் எண்ண வேணும்," என்றேன்.

"அப்ப ஒட்டறையை ஆர் அடிக்கிறது?"

"குருவி காத்திருக்காது."

"ஒட்டறை காத்திருக்கும். போயிட்டு வாங்கோ."

மூன்று ஞாயிறு தப்பினேன். நாலாம் ஞாயிறு, உட்துறைமுகக் கரையில் சென்றியில் காவல் நின்ற படையினர் என்னைப் பிடித்தார்கள். தமிழ் படித்த அதிகாரி ஒருவர், உள்ளான் குருவிகளை எண்ணி எழுதிய என் கொப்பியை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'கரையில் உள்ளான்.' யார் உள்ளான்?"

"உள்ளான்தான், சேர்."

"சரி, உள்ளான். ஆனால் யார்?"

"உள்ளான் சேர்! நாற்பது உள்ளான்!"

"நாற்பது பேரா? எங்கே போகிறார்கள்?"

"ரஷ்யாவுக்கு, சேர்."

அவர் முகம் கறுத்தது. இதைவிடச் சின்னக் கதைக்கே ஆட்கள் காணாமல் போன காலம். யார் உள்ளான் என்று எனக்கே குழம்பிவிட்டது. உள்ளே போகப்போவது நான் என்பது மட்டும் விளங்கியது.

பாண் விற்கும் முனாப் கண்டுபோய்ச் சொல்ல, இராசமலர் ஓடி வந்தாள். அரசாங்கக் கச்சேரியில் வேலை, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கையைச் சிறகாக அடித்துக் காட்டினாள். விளக்குமாறு பிடித்துக் காட்டினாள். என்னையும் காட்டினாள். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தில் ஏதோ எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி, கொப்பியையும் பிரதியொன்றையும் தந்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று இராசமலரைக் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையில வெளிக்கிட மாட்டன், மனுசி சொல்லுற வேலை செய்வன் எண்டு. மீறினா மறியல் வீட்டில போடுவினமாம்."

இரண்டு வருஷம் மீறவில்லை. கடுதாசியை யாருக்கும் காட்டவும் வெட்கம்.

போன ஞாயிறு அலுமாரி துடைக்கையில் அது கையில் அகப்பட்டது. வாசல் படலையில் பாண் கொண்டுவந்து நின்ற முனாப்புக்குச் சிங்களம் தெரியும். நீட்டினேன்.

"'எனது கொப்பியைத் திரும்பப் பெற்றேன்.' இவ்வளவுதான் கிடக்கு, மாஸ்டர்."

இராசமலர் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் பாய்ந்தேன். "பொய்தானே சொன்னனீர்?"

"ஓம். வேறென்னெண்டு உங்களை அந்தக் கரைக்குப் போகாமல் மறிக்கிறது?" அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "அலுமாரி துடைச்சு முடிஞ்சுதோ?"

"மேல்தட்டு மட்டும் மிச்சம்," என்றேன்.