பெட்டிக்கு வந்த இழுப்பு

ஓர் இரும்புப் பெட்டிக்கு நெஞ்சுச்சளி பிடிக்க வைத்த ஆள் உலகத்திலேயே எங்கள் திருகாணி ஒருவர்தான். கோவில்பட்டி மெல்லிசைக் குழுவில் அவர் சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி, நான் தபலா. கருவியோடு வந்த எந்தச் சத்தமும் அவருக்கு ஆகாது. “இது வயலினா, கொசுவா?” என்று அழிப்பார். ஒலியலைமேல் ஒலியலை கலந்து, குமிழ்களைத் திருகித் திருகித் தானே ஒரு வயலின் செய்வார். திருகாணி என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

கடம்பூர்க் கல்யாணம் ஒன்றில் நாயனத்தின் வாய்க்குள்ளேயே காதை வைத்துவிட்டார். “ஊதும்வே, எச்சி தெறிச்சாத் தொடைச்சுக்கிடுதேன்.” நாயனக்காரரும் ஊதினார். தாலி ஏறி, பந்தி முடிந்து, நாங்கள் வேன் ஏறும்வரை திருகாணிக்கு யார் பேசியதும் கேட்கவில்லை. நாயனம் மட்டும் பெட்டிக்குள் வந்துவிட்டது.

புல்லாங்குழல்தான் வரவில்லை. “சுரம் இருக்குலே. ஊதுத ஆளைக் காணோம்,” என்பார்.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீசில் மருந்துத்தூளோடு காலம் தள்ளிய அவர் மனைவி, சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவர், குமிழில் விரல், கண்மூடி.

“இந்தக் கூத்தப் பாத்தீங்களா அண்ணாச்சி? எனக்கு உசுரு போகுது, இவிய பொட்டியத் திருகுதாவ!”

“பேசாதட்டி, மூச்சு மாறுதுல்லா. இன்னொருக்க இழு.”

“இழுத்துக்கிட்டுத்தான கெடக்கேன்!”

மூவரும் சிரித்தோம். அந்த அம்மாளின் சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கும்வரை திருகாணி முதுகை நீவினார். அடங்கியதும் மறுபடி திருகினார்.

குழல் பிறந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சிறு கரகரப்பு, பின்னால் தேய்ந்து போகும் ஒரு விசில். பங்குனி வெயிலில் அந்த அம்மாள் போய்விட்டார். பெட்டியில் மூச்சு இருந்தது.

“குழல்ல இழுப்பு இருக்குவே,” என்றார் குழு முதலாளி. பாட்டின் நெளிவுக்கும் இரைப்பு நோய்க்கும் எங்கள் பக்கம் ஒரே சொல்தான். திருகாணி முகம் மலர்ந்தது. “நல்ல இழுப்புல்லா மொதலாளி?”

“சீக்கு இழுப்பச் சொல்லுதேன்! நாகலாபுரம் கோயில் கொடைக்கு முன்ன அதை அழிச்சிரும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்.”

அழிப்பதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். திருகாணி பெட்டியைத் துணியால் மூடினார்.

கொடையன்று பொழுது சாய, அம்மன் பாட்டின் நடுவே குழல் வரும் இடம் வந்தது. வெடித்துக் கிடந்த கரிசலின் மேல், ஒலிபெருக்கி வழியே அந்த மூச்சு புறப்பட்டுப் போனது. முன்வரிசையில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். ஒருத்தி பதறிப்போய்ப் பக்கத்தவள் முதுகைத் தடவினாள்.

“ஏட்டி, மருந்த உறிஞ்சுட்டி!”

“எனக்கில்லட்டி. பொட்டிக்கு இழுக்குது!”

கூட்டம் குபீரென்று சிரித்தது. பிறகு, யார் வீட்டு மூச்சு யாருக்கு நினைவு வந்ததோ, வரிசை வரிசையாக அடங்கியது. திருகாணி கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, ஓங்கித் தட்டி அந்தக் குழலை அமுக்கும்படி எனக்குக் கை காட்டினார்.

நான் தபலாவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.