சமையல்காரரைக் கூப்பிடுங்க

ஜவ்வாது மலையில் பிறந்தவர்களிலேயே கடவுளுக்கு அதிகமாக வேலை வைத்தவர் எங்கள் கொறைக்காரர்தான். மழை வந்தால் முந்திக்கொண்டது என்பார். வராவிட்டால் திமிர் என்பார். அளவாக, நேரத்துக்கு, மண்ணின் வயிறு குளிரப் பெய்தால் "சத்தம் ஜாஸ்தி" என்பார். சாமைக் கதிரில், பலாச்சுளையில், பௌர்ணமியில், பச்சைக் குழந்தையின் தும்மலில் என்று அவர் குறை காணாத ஒன்று இந்தப் பூமியில் இன்னும் படைக்கப்படவில்லை. போன ஐப்பசியில் அவர் இறந்த செய்தி வந்தபோது, இந்நேரம் மேலே வாசல்படி உயரமாக இருக்கிறதென்று ஆரம்பித்திருப்பார் என்று அச்சகத்தில் யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வேலூரில் நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில் அவர் லோடு வண்டி டிரைவர். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைக் கணியம்பாடிக்கும் செங்கத்துக்கும் கொண்டுபோய் இறக்குவார். இறக்கிய இடத்திலேயே பத்திரிகையைப் பிரித்து, மாப்பிள்ளை பெயர் பெண் பெயரைவிட நீளமாக இருக்கிறது, இது குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வருவார். ஒருமுறை வண்டிக் கதவில் கை கிழிந்து தையல் போட்ட டாக்டரிடம், "சாக்குப் பையக்கூட இதவிட நெருக்கமா தெப்பாங்க" என்றார். தீபாவளிக்கு முதலாளி கொடுத்த லட்டைப் பாதி தின்றுவிட்டு, மீதியோடு முதலாளி அறைக்கே போய், இதில் திராட்சை இல்லை என்பதை நேரில் காண்பித்தார். கொறைக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்தது தெரிந்ததும் கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். பெயர் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் புதன்கிழமை தவறாமல் மதியம் இத்தாலிச் சாப்பாடு சாப்பிடப் போனார் என்றால் நம்புவீர்களா?

அச்சகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்தக் கடை. ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கண்ணாடி வைத்திருந்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணி, சுவரில் சாய்ந்த கோபுரத்தின் படம், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள். அரை மணியில் தின்றுவிட்டு ஓடுகிற கூட்டம். புதன்கிழமை பன்னிரண்டரைக்கெல்லாம் கொறைக்காரர் காக்கிச் சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நிற்பார்.

"கெளம்புங்க சார். ஒத்தையா போனா பைத்தியம்னுவாங்க. நீங்க வந்தா, நீங்கதான் கூட்டியாந்தீங்கனு நெனைச்சுப்பாங்க."

உட்கார்ந்ததும் முதல் குறை கோபுரத்துக்கு. சாய்த்துக் கட்டின கொத்தனாரை விட்டுவிட்டுப் படத்தை மாட்டியவனைத் திட்டுவார். அப்புறம் தட்டு வரும். பீட்சா என்பது திருப்பிப் போட மறந்த தோசை. பாஸ்தா வேகவே இல்லை. பச்சை விழுது போட்டுக் கொண்டுவந்த நாளில் ஒரு இலைத் துணுக்கை விரலில் எடுத்து மோந்து பார்த்து அதிர்ந்துபோனார். "இது திருநீத்துப்பச்சை சார். எங்கூர்ல சாமிக்குப் போடறது. இத அரைச்சு சோத்துல பெசைஞ்சு வெச்சிருக்காங்க."

பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஜில்லா கலெக்டர் மாதிரி, "பாய், சமையல்காரரைக் கூப்பிடுங்க" என்பார்.

பரிமாறுகிற அஸ்லம் பாய் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் ஷெட்டில் பாதி வயதைக் கழித்துவிட்டு, மீதிக்குச் சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டவர். யாராவது குறை சொன்னால் சமையல்காரரே வெளியே வந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கடை வழக்கம். சமையல்காரர் வருவார். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் மாவு. எங்கள் மேசையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நிற்பாள்.

அடுத்து நடப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கொறைக்காரர் அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். பாயைப் பார்த்துச் சொல்வார், "உப்பு கம்மினு சொல்லுங்க." பாய் திரும்பி, காதுள்ள அந்தப் பெண்ணிடம், உப்பு கம்மியாம் என்பார். அவளும் பாயிடம், அடுத்த வாரம் சரியா போடறேன்னு சொல்லுங்க என்பாள். இரண்டு முழ தூரத்துக்கு ஒரு தபால்காரர்.

போகப் போகக் குறைகள் விநோதமாயின. ஒரு நாள், "சமைக்கறவங்க இளைச்சுப்போய்ட்டா ருசி எப்டி வரும்? வேளைக்குத் திங்கறாங்களானு கேளுங்க" என்றார். இன்னொரு நாள் தட்டில் சூடு அதிகம் என்றவர், சமைக்கிறவர் கையில் கொப்புளம் இருக்கிறது, அதற்கு மருந்து போட்டாயிற்றா என்று விசாரித்தார். போட்டாயிற்று என்று பாய் வழியாகப் பதில் வந்தது. மருந்து எந்தக் கடையில் வாங்கியது என்று பாய் வழியாகக் கேள்வி போனது.

ஒரு நாள் சாப்பிட்டபின் பத்திரிகைக் கட்டு இறக்க அவரோடு வண்டியில் போகும் வழியில் நான் பொறுக்கமுடியாமல், "அந்தப் பொண்ணை ஏண்ணே வாரா வாரம் வெளிய இழுத்து நிறுத்தறீங்க?" என்றேன்.

தண்ணீரில்லாத பாலாறு பக்கத்தில் மணலாகக் கிடந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். மணலைப் பார்த்தபடி, "அது எம் பொண்ணு சார்" என்றார். "கோகிலானு பேரு. அதயும் சின்னதா வெச்சுட்டேன்."

அவர் சொன்னதை எல்லாம் சேர்த்தால் இவ்வளவுதான். கோகிலா தாய் இல்லாத பெண். நெல்லிவாசல் நாட்டுப் பக்கத்து மலை ஊரிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கிவந்து, வேலூரில் சமையல் படிப்புப் படித்தவள். கூடப் படித்த செங்கத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக மலையேறி வந்து நின்றாள். கீழ்நாட்டில் சம்பந்தம் செய்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று ஊர் வாயைத் திறப்பதற்குள் இவர் வாயைத் திறந்துவிட்டார். காளி கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனி இவளோடு பேசமாட்டேன், இவள் கையால் வாங்கித் தின்னமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார்.

"கோவத்துல சொன்னதுதானேண்ணே," என்றேன்.

"சாமிக்குக் கோவத்துல சொன்னது, சிரிச்சுகினு சொன்னதுனு வித்தியாசம் இல்ல சார். மீறினா எனக்கு ஒண்ணும் ஆவாது. யாரப் பத்திச் சொன்னனோ அவங்களப் புடிக்கும்."

அதனால் அவர் யோசித்திருக்கிறார். தன் பெண்ணுக்குக் கேடு வராமல் தன் பெண்ணைப் பார்க்க ஒரு மலைவாசி எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவும் யோசித்திருக்கிறார். கடையில் சாப்பிட்டால் காசு கொடுத்து வாங்குவது. அதுவும் பாய் கையால் வருவது. பேச்சும் பாயோடுதான். சத்தியம் அங்கேயே இருக்கும், இவரும் இங்கேயே இருப்பார், நடுவில் ஒரு தட்டு. குறை சொன்னால்தான் சமையல்காரர் வெளியே வருவார் என்றால், குறை சொல்வதற்கென்றே பிறந்தவருக்கு அதில் என்ன கஷ்டம்?

அவள் ஏன் நேரே பேசவில்லை என்பதைப் பாய் எனக்குப் பிறகு சொன்னார். அவள் பேசலாம், அவளுக்கு எந்தச் சத்தியமும் இல்லை. ஆனால், "நான் அப்பானு கூப்ட்டா அவரு மறந்து 'இன்னாம்மா'ன்னுடுவாரு பாய். அப்புறம் எனக்கு இன்னா ஆவுமோன்னு தெனம் செத்துப் பொழைப்பாரு" என்றாளாம்.

சத்தியத்தை எடுக்க ஒரே வழி உண்டு. சாமை அறுப்பு முடிந்து தை மாதம் ஊர்க் காளிக்குத் திருவிழா வரும்போது பூக்கேட்க வேண்டும். அம்மன் தோள்கள் இரண்டிலும் ஈரப் பூவை ஒட்டுவார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. வருஷா வருஷம் இவர் கேட்டார். வருஷா வருஷம் இடப்பக்கப் பூ விழுந்தது.

ஒரு தையில் என்னையும் கூட்டிப்போனார். அமிர்திக் காட்டைத் தாண்டி, ஷேர் ஜீப்பில் என் முழங்கால் என் காதைத் தொட, மேலே போனோம். பனி இன்னும் கலையவில்லை. மனிதர்கள் கம்பளிக்குள் இருந்து கண்ணை மட்டும் அனுப்பிவைத்திருந்தார்கள். கோயிலில் மேளம் நின்றது. பூசாரி விலகினார். கொறைக்காரர் கைகட்டி நின்றார். நான் அதுவரை எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று வலப்பக்கத்துப் பூவைக் கண்ணாலேயே இழுத்தேன். அது ஈரமாக, பிடிவாதமாக, ஒட்டிக்கொண்டே இருந்தது. இடப்பக்கத்துப் பூ ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது.

கொறைக்காரர் அம்மனை நேருக்கு நேர் பார்த்தார். "போன வருசமும் இதத்தான் பண்ண. கண்ண மட்டும் இம்மாம் பெருசா வெச்சிருக்கற. பாக்கறதே இல்ல."

பூசாரி பதறிப்போனார். "யோவ், அம்மாவயே கொற சொல்றியா?"

"வேற யாராண்ட சொல்றது," என்றார் இவர். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கீழே கிடந்த பூவைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

மறுபடி புதன்கிழமைகள் ஓடின. உப்பு, புளிப்பு, வேக்காடு, வெண்ணெய். அப்புறம் போன ஆடியில் ஒரு நாள் பாய் அச்சகத்துக்கே வந்தார். கோகிலாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விமானம். வருகிற புதன்தான் அவள் இந்தக் கடையில் சமைக்கிற கடைசி நாள்.

அடுத்த பூவுக்குத் தை வரவேண்டும். நான் அவரிடம், ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், சாமி புரிந்துகொள்ளும் என்றேன்.

"புரிஞ்சுக்கும்," என்றார். அப்புறம், "புரிஞ்சுக்காட்டி? அவ ஆகாசத்துல போறா சார்" என்றார்.

அந்தப் புதன் வந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கோபுரத்தை ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகக் கேட்கும் பாஸ்தாவைக் கேட்டார். பாய் கொண்டுவந்து வைத்தார்.

முதல் வாய் வைத்ததும் அவர் நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு கரண்டி எடுத்துப் போட்டார். அந்தத் தட்டில் உப்பு சரியாக இருந்தது. மாவு குழைய வெந்திருந்தது. திருநீற்றுப்பச்சை ஓர் இணுக்குக்கூட இல்லை. அதற்குப் பதிலாகப் பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டிருந்தாள். இத்தனை காலம் அவர் சொன்ன ஒவ்வொரு குறையையும் எங்கோ மனதில் சேர்த்துவைத்து, எல்லாவற்றையும் ஒரே தட்டில் தீர்த்து அனுப்பியிருந்தாள்.

அவர் கடைசி இழை வரை தின்றார். பாய் காத்து நின்றார். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி ஒன்று, கூப்பிடுவதற்காகக் காத்து நின்றது.

"இன்னாண்ணே, கூப்டட்டா?" என்றார் பாய்.

"இன்னானு சொல்லிக் கூப்டறது?" கொறைக்காரர் அந்தக் கதவைப் பார்க்காமல் கேட்டார். "இதுல கொறைனு சொன்னா வாய் அழுகிடும் பாய்."

சும்மா ஏதாவது சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். சூடு ஆறிவிட்டது என்று சொல்லுங்கள், தட்டு கோணல் என்று சொல்லுங்கள். அவர் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எதிலும் குறை காணத் தெரிந்த மனிதர், அரை மணி இடைவேளை கரைந்துகொண்டிருக்க, ஒரு குறைக்காகத் தன்னையே துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் பிள்ளைகள் எழுந்து போனார்கள். வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில், "தூரம்" என்றார்.

"இன்னாண்ணே?"

"ரொம்ப தூரமா போவுது. அது ஒண்ணுதான் கொற. போய்ச் சொல்லுங்க."

பாய் உள்ளே போனார். கதவு திறந்தது. கோகிலா வந்தாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள். இரண்டு முழம் தள்ளி நிற்கவில்லை, மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். முதல்முறையாக அவர் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்கமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருக்கவில்லை. ஆனாலும் இத்தனை நாள், பார்த்தால் பேசிவிடுவோம் என்று பயந்திருக்கிறார்.

அவளுக்கும் அன்று அடக்க முடியவில்லை. நேராக அவரிடமே, "போய்ட்டு வர்றேன்பா" என்றாள்.

அவர் வாய் திறந்தது. சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்கள் மட்டும் வெளியே இருந்தன. அப்படியே என் பக்கம் திரும்பி, விரல்களுக்கு நடுவிலிருந்து, "சார், போய்ட்டு வரச் சொல்லுங்க சார்" என்றார்.

வார்த்தைகளைத் தின்று பிழைக்கிறவன் நான். அந்த இரண்டு சொற்களை அவர் இடத்தில் நின்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. "போய்ட்டு வாம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்து, சரிப்பா என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

வெளியே வெயில். அவர் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் லோடு வண்டி ஓட்டியவன் இல்லை. தெரு முனையில் ஒருமுறை எஞ்சினை அணையவிட்டேன். மார்க்கெட் திருப்பத்தில் கியர் அலறியது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடி ஒன்றுமே சொல்லவில்லை.

ஏதாவது சொல்லுங்கண்ணே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். என்னைப் பற்றி ஏதாவது.