விளக்கம் சொல்ல வந்தவர்

முரோதானி செய்த தவறு ஒன்றுதான். டோக்கியோ ரயிலில் பக்கத்து ஆள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்த அத்தனை புத்தகங்களுக்கும் கடையில் கொடுக்கும் ஒரே மாதிரிப் பழுப்புக் காகித உறையைப் போட்டு வைத்திருந்தார். அதனால்தான் சோதனை இலக்கிய வாசகர் வட்டத்துக்கு, முற்றுப்புள்ளியே இல்லாத அந்த மகா நாவலுக்குப் பதிலாக ‘செவ்வாய் கிரகத்து ஆக்டோபஸ் சக்கரவர்த்தி’யைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விஷயம் அவருக்கே தெரிந்தபோது காலணியைக் கழற்றியாகிவிட்டது. பேட்டைச் சமூகக் கூடத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் உட்கார்ந்தும் ஆகிவிட்டது.

"விளக்கம் சொல்ல வந்தவர்தானே? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று வாசலில் வரவேற்ற ஷினோசுகா அம்மாள், பேனாவைத் திறந்து தயாரானார்.

ஓடவும் வழியில்லை. விண்கலம் வெடித்த பக்கத்தில் விக்கி விக்கி அழுதார் என்று விஞ்ஞானக் கதை வட்டம் அவரை வெளியே அனுப்பிவிட்டது. கதாநாயகனின் ஆறு தோட்டாத் துப்பாக்கி ஏழு முறை சுட்டதை எண்ணிச் சொன்னதற்காகச் சாகசக் கதை வட்டமும் கைவிட்டுவிட்டது. புத்தகம் பேச மனிதர்கள் மிச்சமிருந்தது இங்கே மட்டும்தான். விளக்கம் பிடித்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

வருவது வரட்டும் என்று அதையே வாசித்தார். லேசர் பட்டுச் சக்கரவர்த்தியின் எட்டுக் கால்களும் எட்டுத் திசையில் போய் விழுந்தன.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"ஒரு சந்தேகம் சார்," என்றார் ஷினோசுகா அம்மாள். "இந்தக் கால் எல்லாம் எரியுமா, எரியாதா?"

அடேயப்பா, என்ன ஆழம்! "அதை உங்க முடிவுக்கே விட்டிருக்கு அம்மா."

"எங்க முடிவுக்கா? போன வருஷம் அப்படி விட்டுத்தானே அடிதடி வரைக்கும் போச்சு!"

இலக்கியத்துக்காக அடிதடியா? முரோதானிக்கு மரியாதை கூடியது. "அப்படின்னா தலை வேற, கால் வேறன்னு பிரிச்சுப் பாருங்க."

"கழுவிட்டா, கழுவாமலா?" என்றார் ஒரு பெரியவர்.

மொழியைக் கழுவுவதைத்தான் கேட்கிறார் என்று முரோதானிக்குப் புல்லரித்தது. "கழுவித்தான்! நல்லாக் காயவும் வைக்கணும்!"

"மழைக்காலத்துல எங்க சார் காய வைக்கிறது? மனுஷன் நிலைமை தெரியாமப் பேசுறீங்களே!"

கூட்டம் கசகசவென்றது. கடைசியில் ஷினோசுகா அம்மாள் குனிந்து வணங்கி, "யோசிச்சுப் பார்க்கிறோம்" என்றார்.

இந்த ஊரில் அதற்கு ‘போய் வா’ என்று பொருள். மூன்றாவது வட்டமும் போயிற்று. முரோதானி எழுந்து நின்றுவிட்டார்.

"சேர்த்துக்குவீங்களா, மாட்டீங்களா? யாராவது ஒருத்தர் நேராச் சொல்லுங்களேன்!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓகிதா கிழவர் கெண்டியைக் கீழே வைத்தார்.

"வாசகர் வட்டம் மாடியிலப்பா. இது குப்பையை எரியிறது, எரியாததுன்னு பிரிக்கிற கமிட்டி. புது விதியை விளக்கப் போன தடவை வார்டு ஆபீஸ் ஆளு பூனை வேஷம் போட்டுட்டு வந்தார், இந்தத் தடவை ஆக்டோபஸ் போலன்னு நாங்களும் எழுதிக்கிட்டோம். நீ மாடிக்கு அப்புறம் போகலாம், முதல்ல சக்கரவர்த்தி பொழைச்சாரா இல்லையா, அதைச் சொல்லு!"