சம்மந்தி வீட்டுச் சோறும் ஓடிப்போன கடலும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தனான். மூன்று நான் பெற்றது, இரண்டு என்ர தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் ஆளாகிவிட்டதுகள். இவ்வளவையும் ஒரு நாள்கூட 'ரிலாக்ஸ்' பண்ணாமல்தான் செய்து முடித்தேன். (அப்படி ஒரு சாமான் உலகத்தில இருக்கெண்டு அப்ப எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.)

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என்ர மூத்தவன் குகன். மூன்று வருஷத்துக்கு முன், செப்டெம்பர் லோங் வீக்கெண்டுக்கு முதல், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கட மூன்றாம் மாடிக் குசினிக்குள் வந்து, கையில் போனை வைத்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, நோவா ஸ்கோஷியாவில ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் திராட்சைத் தோட்டம். மூண்டு நாள் போய் நல்லா ரிலாக்ஸ் பண்ணுவம்."

"ஏன், இஞ்ச இருந்தால் மூச்சு முட்டுதோ?"

ரிலாக்ஸ் பண்ணுவதற்கு அவன் போட்ட திட்டத்தைப் பார்க்கவேணும். விடிய நாலு மணிக்கு எழும்புவதாம். பகல் முழுக்கக் கார் ஓடுவதாம். அடுத்த நாள் காலை பத்தில் இருந்து பதினொன்று வரை ரிலாக்ஸ். பேந்து தோட்டம் பார்ப்பது. பேந்து திரும்பவும் ரிலாக்ஸ். இவ்வளவு கண்டிப்பாக அவன் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை.

கொஞ்சம் உலுக்கினதும் உண்மை கொட்டுண்டது. குகனின் மகள் அபி டவுன்டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். அங்கே லூக் என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியன். இரண்டு பேருக்கும் விருப்பம். பெடியனின் தாய் தகப்பன்தான் எங்களை மூன்று நாள் தங்க வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். அவை வைன் செய்து விற்கிற ஆக்கள்.

"தவறணை வைச்சிருக்கினமோ?" என்று கேட்டேன்.

"தவறணை இல்லை அப்பம்மா, வைனரி," என்றாள் அபி.

"குடிகாரன் காசு குடுத்துக் குடிச்சிட்டுப் போற இடம் தவறணைதான், பிள்ளை. இங்கிலிஷில பேர் வைச்சால் கோயிலாகிவிடுமே?"

குகன் தலையைச் சொறிந்தான். "நாங்கள் இன்னும் ஒண்டும் முடிவெடுக்கேல்லை அம்மா. நீங்கள் வந்து பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை." (தனக்குப் பயமெண்டால் தாயின்ர தலையில கட்டுறது. சின்னனிலயிருந்தே அவனுக்கு உந்தப் பழக்கம்.)

அபியோ சோதனை முடிவு வரப் பார்த்திருக்கிற பிள்ளை மாதிரி என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கட ஆக்களில் ஒரு முறை இருக்கிறது. சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போன இடத்தில் அவசரப்பட்டு ஒரு வடையைக் கடித்துவிட்டு ஆயுள் முழுக்க அனுபவிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

"நான் வாறன்," என்றேன். "ஆனால் அந்த வீட்டில பச்சைத்தண்ணிக்கு மேல ஒண்டும் தொடமாட்டன்."

மருமகள் வாசுகி திடுக்கிட்டாள். "மாமி, மூண்டு நாள்."

"மூண்டு நாளைக்குச் சோறு கட்டத் தெரியாதவளே நான்?"

புளிச்சோறு கிளறினேன். சம்பல் இடித்தேன். பயத்தம் பணியாரம் சுட்டேன். கருவாடு பொரித்தேன். எல்லாவற்றையும் என்ர எவர்சில்வர் அடுக்குக் கரியருக்குள்ளும் ஒரு குளிர்ப்பெட்டிக்குள்ளும் அடைத்தேன். போகிற வழி முழுக்கக் கார் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குகன் ஓடினான். காற்று நல்லது என்றான். கருவாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போய் இறங்கினால், அந்தத் தாய்க்காரி மார்த்தா வாசலில் நிற்கிறா. நல்ல உயரம், அதுக்கேற்ற தோள். என்னைக் கட்டிப்பிடித்து என்னவோ சொன்னா. நான் "போன்ஜூர், மெர்சி" என்றேன். முப்பது வருஷமாக மொன்றியலில் இருந்து நான் சேர்த்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதையும் அந்த ஊரில் ஒருத்தரும் கதைப்பதில்லையாம்.

மேசையில் சாப்பாடு பரப்பியிருந்தது. நடுவில் ஒரு பெரிய கோப்பையில் மஞ்சள் சோறு. எனக்காகப் பார்த்துப் பழகிச் சமைத்ததாம். நான் வயிற்றைத் தடவிக் காட்டி, தலையை ஆட்டி, தண்ணீர் மட்டும் குடித்தேன். அந்த மனுசியின் முகம் அப்படியே விழுந்துபோனது. நான் அதைக் காணாத மாதிரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். பேந்து என்ர அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, புளிச்சோறும் கருவாடும் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் குகனின் ரிலாக்ஸ் தொடங்கியது. ரிலாக்ஸ் என்றால் என்னவென்று அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. மரக் கதிரையை வெளியில் போட்டு, திராட்சைக்கொடியைப் பார்த்துக்கொண்டு இருப்பது. கொடி ஆடுது. நிற்குது. பேந்து ஆடுது. என்ர மூன்றாம் மாடி பல்கனியில் இருந்தால் ஆர் ஆரோட போகினம், ஆர் புதுக் கார் வாங்கினவை என்றாவது அறியலாம்.

அதுக்குப் பிறகு வைன் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். லூக்கின் தகப்பன் பெரிய தாடிக்காரர். வெளியூரில் இருந்து காரில் வந்த ஆக்களுக்கு ஒவ்வொரு கிளாசிலும் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார். படித்த ஆக்கள், நல்ல உடுப்பு. கிளாசைச் சுழற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளுக்கு விட்டு மணந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, ஒரு வாளிக்குள் துப்பினார்கள். எங்கட ஊர்த் தவறணை வாசலில் வேட்டி கழன்று விழுந்து கிடக்கிறவன்கூட ஒரு சொட்டுத் துப்பமாட்டான். அவனுக்கு அந்த மரியாதை தெரியும்.

"என்ன மணக்குதாம்?" என்று அபியைக் கேட்டேன்.

"ஈரக்கல் மணமாம், அப்பம்மா."

"அதுக்குக் கிணத்தடியில போய் நிண்டால் காணுமே."

பக்கத்தில் நின்ற லூக் சிரித்தான். நான் சொன்னது அவனுக்கு விளங்கியிராது, ஆனால் சிரித்தான். பெடியன் நல்ல பெடியன்தான். அதை நான் அண்டைக்கு ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

பிரச்சினை அந்த வீட்டு நாயால் வந்தது. கருவாட்டு மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என்ர அறை வாசலில் படுத்துவிட்டது. போகிற வாற ஆக்கள் எல்லாம் அதைப் பார்க்கினம், கதவைப் பார்க்கினம், என்னைப் பார்க்கினம். அபி என்னை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் மெல்லச் சொன்னாள்.

"அப்பம்மா, தங்களை உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு மார்த்தா நினைக்கிறா. ராத்திரி அழுதவவாம். ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?"

"சாப்பிட்டால் சம்மதம் எண்டு அர்த்தம். நான் இன்னும் யோசிச்சு முடியேல்லை."

"எப்ப முடிப்பீங்கள்?"

"அவசரப்பட்டால் பலகாரம் கருகும், பிள்ளை," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

மத்தியானம் கரியரைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். போய்ப் பார்த்தால் கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் சிவத்த சேறு. தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு. "கடல் ஓடிப்போகும், பேந்து வேகமாகத் திரும்பி வரும், தூரம் போகாதேங்கோ," என்று குகன் சொல்லித்தான் இருந்தான். (கடற்கரையில பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலைப் பற்றிப் படிப்பிக்க வந்திட்டான், இண்டைக்கும் மெற்றோவில பிழையான பக்கம் ஏறுறவன்.) எங்கட ஊர்க் கடலும் வற்றும், பெருகும். பெருகினால் முழங்கால் நனையும். அதுக்கு ஆரும் பயந்து ஓடினதில்லை. அங்கே ஒரு பலகையும் நட்டு என்னவோ எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அதுவும் தமிழில். பலகையைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, நான் போய்விட்டேன்.

வீட்டு ஜன்னலுக்குத் தெரியாத பக்கமாக ஒரு தட்டைப் பாறை. ஏறி இருந்து கரியரைத் திறந்தேன். அண்டைக்கு அந்தப் புளிச்சோறு தந்த ருசியை என்னால் சொல்ல ஏலாது. வெயில் இதமாக இருந்தது. பக்கத்தில் மனுசர் இல்லை, ரிலாக்ஸ் இல்லை. கையைத் துடைத்துவிட்டுச் சும்மா கொஞ்சம் சரிந்தேன். அந்த மூன்று நாளில் உண்மையாக ஓய்வெடுத்தவள் நான் ஒருத்திதான்.

கால் குளிர்ந்தது. கண்ணைத் திறந்தால், ஓடிப்போன கடல் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. பாறையைச் சுற்றிவரத் தண்ணீர். என்ர கண் முன்னால் கரியரின் நடுத்தட்டு மிதந்து மிதந்து போகுது. எழும்பி நின்று, தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வந்தது நாய். கரையில் நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரிக் குலைத்தது. (கருவாட்டுக்காகத்தான் வந்தது. என்னில உள்ள அன்பெண்டு நான் சொல்லமாட்டன்.)

நாயின் சத்தத்துக்கு ஓடிவந்தவ மார்த்தா. ஒரு கணம் நின்று பார்த்தா. சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, ஆரையும் கூப்பிடவும் இல்லை. நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டா. இடுப்பு மட்டும் நனைய நடந்து வந்து, பாறைக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, தன்ர முதுகைத் தட்டிக் காட்டினா.

ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள், ஊரில் நாலு பேர் எழும்பி நின்று மரியாதை கொடுக்கிறவள், அப்படிப்பட்ட நான் சம்மந்தியாகப் போறவவின் முதுகில் உப்புமூட்டை ஏறினேன். ஒரு கையில் அவவின் கழுத்து, மறு கையில் மிச்சக் கரியர். சேலை எங்கே நின்றது என்று கேட்கவேண்டாம். கரையில் அந்தத் துப்புகிற ஆக்கள் எல்லாரும் கிளாசும் கையுமாக வந்து வரிசையாக நின்றார்கள். நாங்கள் கரை ஏறினதும் கைதட்டினார்கள். ஒருத்தன் போட்டோ எடுத்தான்.

மார்த்தா என்னைக் குசினிக்குள் கொண்டுபோய் இருத்தி, கம்பளியால் சுற்றி, என்ர கையில் ஒரு சூடான கோப்பையைத் தந்தா. பால் விட்ட மீன் சூப். எங்கட சொதிக்கு மஞ்சளும் பச்சைமிளகாயும் போட மறந்தால் எப்படியோ, அப்படி. பல்லுக் கிடுகிடுக்க மடமடவென்று குடித்தேன். இரண்டாவது கோப்பையும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். குகன், வாசுகி, அபி, லூக், தாடிக்காரர் எல்லாரும் என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கினம்.

"அம்மா," என்றான் குகன், "என்ன செய்யிறீங்கள்?"

"குளிருதடா."

"மாமி, அப்ப சம்மதமோ?" வாசுகி சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சூப் சாப்பாடில்லை. அது தண்ணிக் கணக்கு."

நான் சொன்னது ஒன்றும் விளங்காத மார்த்தா, அந்த மஞ்சள் சோற்றைச் சூடாக்கி ஒரு கோப்பையில் போட்டு எனக்கு முன்னால் வைத்தா. சோறு. இதுக்கு ஒரு கணக்கும் சொல்ல ஏலாது. தள்ளிவிடலாம் என்று கையை நீட்டினேன். அப்போதுதான் கண்டேன், அவவின் தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டுது. நிலத்தில் சேற்றுக் காலடி. எனக்குக் கம்பளி சுற்றினவ தன்ர நனைந்த உடுப்பை இன்னும் மாற்றவில்லை. அபி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். மெல்ல மென்று விழுங்கினேன்.

"உப்பில்லை," என்றேன்.

மார்த்தா பதறி அபியைப் பார்த்தா, என்ன சொன்னவ என்று. என்ர பேத்தி ஒரு வெட்கமும் இல்லாமல் இங்கிலிஷில் சொன்னாள்: "அப்பம்மா ஓம் எண்டு சொன்னவ."

மார்த்தா என்னைக் கம்பளியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதா. இனி அதுக்கு மேல் நான் உப்பைப் பற்றிக் கதைக்க ஏலுமோ?

கலியாணம் நடந்து, அபிக்கு ஒரு பிள்ளையும் கண்டுவிட்டேன். அந்தக் கரியரின் நடுத்தட்டு இன்னும் கடலில்தான். நான் உப்புமூட்டை போகிற படத்தைப் பெரிதாக்கி அந்த வைன் கொட்டிலில் மாட்டியிருக்கினமாம். வாற குடிகாரர் எல்லாம் என்ர முழங்காலைப் பார்த்துவிட்டுத்தான் மணந்து பார்க்கினமாம். வீட்டில் நான் எதுக்காவது மாட்டன் என்றால், ஊசிக்கோ, புதுச் சப்பாத்துக்கோ, உடனே குகன் கேட்பான்: "அம்மா, கடலைக் கூப்பிடவோ?"

எனக்கு மேலே எழுத ஏலாது, கண் நோகுது. அபி, குழந்தையை லூக்கிட்டக் குடுத்திட்டு வா. இதை ஒருக்கா எனக்கு வாசி பாப்பம். எழுதினதை எழுதினபடியே வாசிக்கவேணும், உன்ர மொழிபெயர்ப்பு வேண்டாம். உப்பு எண்டு இருக்கிற இடத்தில உப்பு எண்டே வாசி.