பத்தாவது ஆள்

இனி ஜெப ஆலயத்தில் காலடி வைப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டேன்.

ஹாலந்தின் வடகோடியில் எங்கள் ஊர். யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்து ஆண்கள் கூடினால்தான் எங்கள் சபையில் முழு ஜெபம். ஒருவர் குறைந்தாலும், இறந்தவர்களுக்கான 'காதிஷ்' ஜெபத்தைச் சொல்ல முடியாது. இருக்கும் ஆண்களே பத்துப் பேர்தான். பத்தாவது நான். மற்ற ஒன்பது பேரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடைசியாக வருகிறவன் நான்தானே?

நான் நுழைந்ததும் ஒன்பது தலைகள் திரும்பும். "மெய்யர் வந்தாச்சு, ஆரம்பிங்கப்பா!" கடவுளே எனக்காகக் காத்திருந்ததுபோல் இருக்கும். அப்பேர்ப்பட்ட என்னிடமிருந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியைப் பிடுங்கி, முழங்கால் வலி என்று அந்த ஒன்பது பேரில் ஒருவரான யாப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"யூடித், நாற்காலி திரும்பி வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன். ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டத்துக்கும் போகமாட்டேன்!"

என் மனைவி இஞ்சி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"போகாதீங்க."

"ஆள் குறையுமே. என்ன பண்ணுவாங்க?"

"அதானே, பாவம், என்ன பண்ணுவாங்க!"

"வந்து கெஞ்சுவாங்க."

"கெஞ்சாம? கால்லயே விழுவாங்க." மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். "லெவீ பெரியவர் பொண்டாட்டியைப் புதைச்சு ஒரு மாசம்கூட ஆகல. சனிக்கிழமை அவர் காதிஷ் சொல்லணும். அதை யோசிச்சீங்களா?"

"யோசிக்காமலா? கடைசி நிமிஷத்துல கூப்பிட வருவாங்க. நானும் பெரிய மனசு பண்ணிப் போவேன்."

"நல்ல ஏற்பாடுங்க."

ஞாயிறன்று ரொட்டியோடு அவள் மட்டும் கூட்டத்துக்குப் போய் வந்தாள்.

"என்ன பேசினாங்க?"

"சின்ன விஷயம். எதிர்த்துப் பேச ஆளில்ல, சட்டுனு முடிஞ்சுது."

"என் நாற்காலி?"

"அதுக்கும் ஒரு வழி பண்ணியாச்சு."

வெற்றி! சனிக்கிழமை காலை கோட்டு, தொப்பி, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். யூடித் முன்பே கிளம்பிப் போயிருந்தாள். வெளியே மழை. யாரும் வரவில்லை. ஜெப நேரமும் வந்துவிட்டது. மற்ற எட்டுப் பேருக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் லெவீயின் முகம் கண்முன் வந்தது. நாற்காலியாவது மண்ணாவது! ஜெபச் சால்வையை எடுக்கப் பையைத் திறந்தேன். சால்வை இல்லை.

கால்வாய்ப் பாலத்தில் ஓட்டமாக ஓடினேன். ஜெப ஆலயக் கதவைத் திறந்தால், லெவீயின் குரல். காதிஷ்! எப்படி? ஆட்களை எண்ணக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எண்ணினேன். ஆண்கள் ஒன்பது. பத்தாவதாக, என் சால்வையைப் போர்த்திக்கொண்டு, யூடித்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவான அந்தச் சின்ன விஷயம் இதுதான்: இனிப் பெண்களும் கணக்கில் சேர்த்தி. மாடியில் பெண்கள் வரிசைக்கு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

லெவீயின் குரல் உடைந்தது. அவர் விட்ட இடத்தில் அவள் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நான் இன்றுவரை பார்த்துத்தான் சொல்கிறேன். கிழவர் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை வந்து சேர்ந்தார். "ஆமென்" என்று எல்லோரும் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போரில் ஆளெல்லாம் பறிபோய், வெறும் சுவராய் நின்ற மண்டபம் இது. அதில் பத்துக் குரல்கள். அதில் ஒன்று, தினமும் என் வீட்டுச் சமையலறையில் முணுமுணுக்கும் குரல். யாருடன் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்! கண்ணீர் வந்துவிட்டது. அப்படியே வாசலில் நின்றேன்.

ஒரு தலையும் திரும்பவில்லை. ஹீட்டர் பக்கத்து நாற்காலியில், யாப் எழுந்து கொடுத்த இடத்தில், சௌகரியமாக உட்கார்ந்த பிறகு யூடித் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க. குளிர் அடிக்குது."